கைபடும் இடத்துக்குப் பன்னிரண்டு வோல்ட்

கல்யாணமாகி, தலைச்சோலைக்குப் பக்கத்தில் இருந்த காபி எஸ்டேட்டின் குவார்ட்டர்ஸுக்கு நான் போனபோது, அலமாரியில் என் புடவைகளை வைக்க இடமில்லை. எல்லாத் தட்டிலும் பிஸ்கட் டப்பாக்கள். பிஸ்கட் இருக்கும் என்று நினைத்து ஒன்றைத் திறந்தேன். மாதுளை முத்து மாதிரி சின்னச் சின்னதாகச் சிவப்பு மணிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கம்பிக் கால்கள்.

"அது எல்.இ.டி. அம்மிணி," என்றார் என் கணவர். "பல்பு மாதிரிதான். ஆனா சூடே ஆகாது. கையில புடிச்சுக்கலாம்."

அவர் அந்த எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் வருகை எழுதுவது, பறித்து வந்த பழத்தை எடை பார்ப்பது, துரைக்கும் மேஸ்திரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது, இவை அவர் வேலை. வேலை முடிந்து வந்து காபி குடித்ததும் சால்டரிங் அயர்னைச் செருகிவிடுவார். ஈயம் உருகும் வாசனைதான் எங்கள் வீட்டின் சாயங்கால வாசனை. சுற்றிச் சுற்றி ஓடும் விளக்கு, தட்டினால் எரிந்து தானே அணையும் விளக்கு, பிள்ளையார் சிலைக்குப் பின்னால் வைக்கிற சக்கரம் என்று எதையாவது செய்துகொண்டிருப்பார். அதனால் யாருக்கும் ஒரு லாபமும் கிடையாது. வேறு கெட்ட பழக்கம் எதுவும் இல்லாத மனுஷர் என்பதால் நானும் விட்டுவிட்டேன். நான் பக்கத்துக் கிராமத்துப் பால்வாடியில் டீச்சர். பகல் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு வரும் எனக்கு, சத்தமில்லாத கணவர் கிடைத்தது நிம்மதியாகவே இருந்தது. எங்களுக்குக் குழந்தைகள் பிறக்கவில்லை.

அவருடைய பொழுதுபோக்கில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. விளக்கு செய்ய அரைமணி நேரம் ஆகும். அதற்குக் கரண்ட் எங்கிருந்து எடுப்பது என்று யோசிக்க ஒரு வாரம் ஆகும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பண்டிகைக்கு, கோயில் முகப்பில் இந்த எல்.இ.டி.களை வரிசையாகக் கட்டி, கரண்டைக் குறைக்க ஒரே ஒரு கண்டன்சரைப் போட்டு நேராக வீட்டுக் கரண்ட் லைனில் கொடுத்திருக்கிறார். விளக்கு அழகாக எரிந்தது. பனி இறங்கி ஒயரெல்லாம் நனைந்த பிறகு, சாய்ந்து கிடந்த ஒரு விளக்கை நிமிர்த்தப் போனவரைத் தூக்கி எறிந்துவிட்டது. வலது கை ரொம்ப நாளைக்கு மரத்துப்போய்க் கிடந்ததாம்.

"எல்.இ.டி.க்கு ரெண்டு வோல்ட்டுதான் வேணும்னு நெனச்சு ஏமாந்துட்டேன்," என்பார். "விளக்கு ரெண்டு வோல்ட்டு திங்குது, சரி. ஆனா ஒயர்ல ஓடுறது லைன் கரண்டு. லைன் கம்பியும் நம்ம கையும் நேரா சந்திக்கவே கூடாது. நடுவால டிரான்ஸ்பார்மர் இருக்கோணும். அதுக்குள்ள ரெண்டு சுருள். ஒண்ணையொண்ணு தொடாது. தொடாமயே கொடுத்து வாங்கிக்கும்."

"எங்கம்மாவும் உங்கம்மாவும் மாதிரிங்களா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

சிரித்துக்கொண்டிருந்த அந்தக் காலம் சீக்கிரமே முடிந்துவிட்டது.

எண்பதுகளின் நடுவில், ஒரு காபி சீசனில், பொழுது சாய்ந்து ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வரும்போது அவர் பாதையை விட்டு விலகிக் கால்வாயில் விழுந்தார். முழங்கால் கிழிந்து ரத்தம். ஏதோ யோசனையில் வந்தேன் என்றார். அடுத்த வாரம் மிளகுக் கொடி சுற்றிய சில்வர் ஓக் மரத்தில் நெற்றியை மோதிக்கொண்டார். களத்தில் காயப்போட்டிருந்த காபிக் கொட்டையின் மேல் மிதித்து நடந்தார். ரைட்டர் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று கூலியாட்களின் லைன் வீடுகளில் பேச்சு வந்தது. மேனேஜர் கூப்பிட்டு, "என்ன, சாயங்காலமானா ஒரு மாதிரி நடக்கிறியாமே?" என்று எல்லார் எதிரிலும் கேட்டிருக்கிறார்.

மாலைக்கண் என்று எங்களுக்கே தெரிந்துவிட்டது. முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, ஆட்டு ஈரல் என்று யார் எதைச் சொன்னாலும் சமைத்துப் போட்டேன். மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். சேலத்தில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். தெற்கே இருக்கும் பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டு பஸ் மாறிப் போனோம். இருட்டறையில் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "உங்க அப்பா அம்மா சொந்தத்துல கட்டினவங்களா?"

"ஆமாங்க. எங்கம்மா அவங்க தாய்மாமனைத்தான் கட்டிக்கிட்டாங்க."

கண்ணின் உள்பக்கத் திரை ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வருகிறது, பிறவியிலேயே வந்த கோளாறு என்று டாக்டரம்மா சொன்னார். பார்வை குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி சுருங்கும். அப்புறம் குழாயும் அடைபடும். மருந்து இல்லை, ஆபரேஷன் இல்லை, கண்ணாடி போட்டும் பிரயோஜனம் இல்லை.

"எத்தனை நாளைக்குங்க?" என்று நான் கேட்டேன்.

"சொல்ல முடியாதும்மா. சில பேருக்கு வேகமாப் போகும்."

திரும்பி வரும்போது மலைப்பாதையில் பஸ் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாகத் திரும்பத் திரும்ப, அவர் ஜன்னலில் தலையை வைத்துக் கண்ணை மூடியே இருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்ததும்தான் தெரிந்தது, அவர் கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்று.

"அந்த டாக்டரம்மா வெச்சிருந்த மெஷின்ல ஒரு சிவப்புப் புள்ளி தெரிஞ்சுது அம்மிணி," என்றார். "சுத்தி எல்லாம் இருட்டு. அந்தப் புள்ளி மட்டும் நல்லாத் தெரிஞ்சுது. நம்ம எல்.இ.டி. மாதிரியே. பாதை நெடுக அதை நட்டுட்டா, ஒண்ணுல இருந்து இன்னொண்ணைப் பாத்து நடந்துருவேன்."

பின்கட்டுக் கதவிலிருந்து கக்கூஸ் வரை ஒரு வரிசை, முன்வாசலிலிருந்து கால்வாய் ஓரமாக ஆபீஸ் வரை ஒரு வரிசை. மூங்கில் குச்சி நட்டு, இடுப்பு உயரத்தில் விளக்கு. இதுதான் அவர் திட்டம். எஸ்டேட்டுக்கு வேலைக்கு வரும் ஒயர்மேனிடம், டிரான்ஸ்பார்மரைச் சுவரில் உயரமாக மாட்ட ஏணி இரவல் கேட்டபோது, அவன் சிரித்துவிட்டான்.

"ஏனுங்க ரைட்டர், இதுக்குப் போயி இத்தனை ரோசனையா? கண்டன்சர் ஒண்ணு போட்டு லைன்ல தட்டி விட்டா ராவும் பகலும் எரியப்போவுது."

"மழைல நனையிற ஒயருங்க அது."

"டேப்பு சுத்திரலாமுங்க."

"எனக்குக் கண்ணு தெரியாமப் போயிட்டே இருக்குது," என்று என் கணவர் சொன்னார். அதை வெளியாளிடம் அவர் சொன்னது அப்போதுதான் முதல் தடவை. "இனிமே நான் எதையும் தடவித்தான் பாப்பேன். குச்சியத் தடவுவேன், ஒயரத் தடவுவேன். தடவுற கைக்கு டேப்பை நம்ப முடியாதுங்க."

அவன் ஏணியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

சேலத்துக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். பகலில் அப்போது அவ்வளவு மோசமில்லை. ஆனால் கடைவீதி நெரிசலில் பக்கவாட்டிலிருந்து வரும் சைக்கிள் தெரியாது. ரேடியோ ஸ்பேர் விற்கும் சந்துக்கடையில், பேட்டரிக்குப் பதிலாகக் கரண்டில் செருகுகிற, பிளாஸ்டிக் டப்பாவில் வந்த ரெடிமேட் எலிமினேட்டர் ஒன்றைக் கடைக்காரர் எடுத்துப் போட்டார். பன்னிரண்டு வோல்ட்டு, ஒரு ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. என் கணவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ஏனுங்க, செக் பண்ணவேயில்லீங்களே?"

"எடை போதாதுங்க. ஒரு ஆம்பியர் கொடுக்கிற டிரான்ஸ்பார்மர்னா உள்ள இரும்பும் செம்பும் இருக்கோணும். இது காத்தடைச்ச மாதிரி இருக்குது. ரெண்டு மணி நேரம் எரிஞ்சா உருகிரும்."

கடைசியில் எடுத்தது, மூடி இல்லாத, கையில் கனத்த டிரான்ஸ்பார்மர். நாலு டையோடு, ஒரு பெரிய கண்டன்சர், வோல்ட்டேஜை ஏறவிடாமல் பிடித்து வைக்கிற ரெகுலேட்டர், அதற்கு அலுமினியத் தகடு, ஃபியூஸ். ஒயரும், காலிங் பெல்லுக்குப் போடுகிற மெல்லிய பெல் ஒயர் வேண்டாம் என்று தடிமனானதாகக் கேட்டார். "இத்துனூண்டு விளக்குக்கா?" என்று கேட்டேன். தூரம் போகப் போக மெல்லிய ஒயரே கரண்டைத் தின்றுவிடும், ஆபீஸ் பக்கத்து விளக்குகள் மங்கிப்போகும் என்று விளக்கினார். கடைசி விளக்கும் முதல் விளக்கு மாதிரியே எரிய வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

வீட்டுக்கு வந்து வேலையை ஆரம்பித்தபோதுதான், சால்டரிங் அயர்னின் நுனி அவர் கண்ணில் நிற்கவில்லை என்று தெரிந்தது. குழாய் வழியாகப் பார்ப்பவருக்கு நுனியும் ஈயமும் ஒருசேரச் சிக்கவில்லை. விரலைச் சுட்டுக்கொண்டார். வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டு மறுபடி முயன்றார், மறுபடி சுட்டுக்கொண்டார். மூன்றாம் தடவை நான் அவர் கையிலிருந்து அயர்னை வாங்கிக்கொண்டேன். அவர் நாற்காலியை எனக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

அப்படித்தான் நான் கற்றுக்கொண்டேன். நீளக் கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸ். மூன்று விளக்கை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் ஆறு வோல்ட்டு போகும், மிச்சத்தை ரெஸிஸ்டர் தாங்க வேண்டும். ரெஸிஸ்டர் இல்லாமல் கொடுத்தால் எல்.இ.டி. ஒரு நொடி பளிச்சென்று எரிந்து செத்துவிடும். நான் ரெஸிஸ்டரின் வண்ணக் கோடுகளை வெளிச்சத்தில் பார்த்துச் சொல்வேன்.

"மஞ்சள், ஊதா, பழுப்பு."

"நானூத்தி எழுபது. அதேதான். வெச்சு ஒட்டு. ஈயம் பளபளன்னு இருக்குதா, சாம்பல் பூத்த மாதிரி இருக்குதா?"

"சாம்பல்."

"அப்ப ஒட்டலை. திரும்பச் சூடாக்கு."

லைன் கரண்ட் வரும் பகுதி முழுவதையும் ஒரு மரப்பெட்டிக்குள் அடைத்து, வீட்டுக்குள் கை எட்டாத உயரத்தில் சுவரில் மாட்டினோம். டிரான்ஸ்பார்மரின் இரும்புக்கும் ரெகுலேட்டர் தகட்டுக்கும் எர்த் ஒயர் கொடுத்தோம். வெளியே போனது பன்னிரண்டு வோல்ட்டு மட்டும். கைபடும் இடத்துக்கு அதற்கு மேல் கூடாது என்பது அவர் சட்டம். ஒட்டு விழுந்த இடமெல்லாம் சின்னக் குழாய் மாட்டி, தண்ணீர் தேங்காதபடி ஒயரைத் தரையில் படாமல் மூங்கிலில் கட்டினோம். கட்டி முடித்ததும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொல்லி, நனைந்த ஒயரைத் தானே இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். எனக்கு உயிர் போய் வந்தது.

அன்று பனிமூட்டம் இறங்கி, பொழுது சாய்ந்த நேரத்தில் சுவிட்சைப் போட்டேன். கால்வாய் ஓரமாகச் சிவப்புப் புள்ளிகள் வளைந்து வளைந்து போய் ஆபீஸ் கதவில் நின்றன. அவர் கையை வீசிக்கொண்டு, செருப்புச் சத்தம் கேட்க, தனியாக நடந்து ஆபீஸ் வரை போய்த் திரும்பி வந்தார். லைன் வீட்டுப் பிள்ளைகள் ஓடிவந்து வேடிக்கை பார்த்தார்கள். "ரைட்டர் ஊட்ல நோம்பிங்களா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். நான் சிரித்தேன். அன்றைக்கு எங்களுக்கு நிஜமாகவே பண்டிகைதான்.

அந்த விளக்குகளை வைத்து அவர் சில சீசன்களை ஓட்டினார். குடிகாரன் என்ற பேச்சு நின்றது. நடுவில் கரண்ட் போனால் இருந்த இடத்திலேயே அசையாமல் நின்றுவிடுவார். நான் டார்ச் எடுத்துப் போய்க் கூட்டி வருவேன். மழைக்காலத்தில் மலையில் கரண்ட் போவதும் வருவதும் சகஜம். நனைந்துகொண்டே நின்றுவிட்டு வந்து காய்ச்சலில் படுத்த பிறகு, எஸ்டேட் ஜீப்பில் கழித்துப் போட்ட பழைய பேட்டரியை டிரைவரிடம் கேட்டு வாங்கினார். ஜீப்பைக் கிளப்ப அதற்குத் தெம்பில்லை, எங்கள் விளக்குக்குத் தாராளம். அதிலும் அவருக்கு ஒரு கவலை இருந்தது.

"பேட்டரி ஷாக் அடிக்காது. ஆனா ரெண்டு கம்பியும் எங்கயாச்சும் ஒட்டுச்சுன்னா ஒயரே கொள்ளிக்கட்டையாயிரும். ஊடு பத்திக்கும். ஃபியூஸை பேட்டரிக்குப் பக்கத்துலயே போடு. அக்கட்டால தள்ளிப் போட்டா, நடுவால பத்துறத அது தடுக்காது."

போட்டேன். கார்த்திகை மாதத்தில் ஒருநாள் விளக்குகள் எல்லாம் ஒருசேர அணைந்தன. பார்த்தால், விறகு அடுக்கின் பின்னால் எலி ஒயரைக் கடித்துச் செம்புக் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஃபியூஸ் கருகியிருந்தது. விறகில் பொறிகூட இல்லை. சொன்னதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷம் கொஞ்சமில்லை. "பாத்தியா? பாத்தியா?" என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒயர் போட்டதில் ஒரு குறையும் இல்லை. அதுதான் பின்னால் எனக்குத் தாங்க முடியாமல் போனது.

ஒரு சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தவர், "பெரிய பாறைகிட்ட இருக்கிற விளக்கு எரியலை. காலு துருப்புடிச்சிருக்கும், மாத்திரு," என்றார்.

போய்ப் பார்த்தேன். எரிந்துகொண்டிருந்தது.

"எரியுதுங்களே."

"இல்ல அம்மிணி. நான் இப்பத்தான அந்த வழியா வர்றேன். மங்கலா எரியும், உனக்குப் பழகிருச்சு. மாத்திரு."

மாற்றினேன். புதிது போட்டதும், "இப்பச் சரி," என்றார். சில நாள் கழித்து முன்வாசல் பக்கத்து விளக்கு. அப்புறம் வளைவில் இருந்த இரண்டு. ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தேன். கழற்றியதை உள்ளே கொண்டு வந்து பேட்டரியில் வைத்துப் பார்ப்பேன், புதிதைப் போலவே எரியும். தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். டப்பா நிறைந்துகொண்டு வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒருநாள் அவராகவே, "ரெஸிஸ்டரைக் குறைச்சுப் பாக்கலாமா?" என்றார்.

"குறைச்சா எல்.இ.டி. தாங்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எரநூத்தி இருவது போடு. கொஞ்ச நாள் தாங்கும். போனா மாத்திக்கலாம்."

போட்டேன். விளக்குகள் கண்ணைக் குத்துகிற மாதிரி எரிந்தன. கொஞ்ச நாள் அவரும் வேகமாக நடந்தார். பிறகு அவை மங்கத் தொடங்கின, இந்தத் தடவை நிஜமாகவே. பெங்களூரில் அதிக வெளிச்சம் தரும் புது எல்.இ.டி. வந்திருக்கிறது என்று எங்கோ கேள்விப்பட்டுச் சேலம் கடைக்காரரிடம் சொல்லி வைத்தார். நான் மட்டும் போய் வாங்கி வந்தேன். கூடு கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது, எரிந்தால் நேராகப் பார்க்க முடியாது. அதை ஒயரில் சேர்த்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"தெரியுதுங்களா?"

"தெரியுது." கொஞ்சம் தலையைத் திருப்பித் தேடினார். "தெரியுது, தெரியுது. வலதுகைப் பக்கம்தான?"

நான் இடதுகையில் பிடித்திருந்தேன். அவருக்கு எதிரே நின்றதால் அது அவருக்கு வலதுதான் என்று அப்புறம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்டுபிடித்தாரா, ஊகித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தச் சீசனிலும் கால்வாயில் விழுந்தார். இந்தத் தடவை மணிக்கட்டு எலும்பு விலகியது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தவர், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னார்.

"டிரான்ஸ்பார்மரை எடுத்துரு. குச்சிக்குக் குச்சி ஹோல்டர் மாட்டி, குண்டு பல்பு போடச் சொல்லு. நேரா லைன்ல இருந்து. ஒயர்மேன் ஒரு மணி நேரத்துல போட்டுருவான். பெரிய வெளிச்சமா இருந்தாத் தெரியும்."

"மழைலயா? மூங்கில் குச்சியிலயா? நீங்க தடவிட்டுப் போற பாதைங்க அது."

"தடவாமப் போறேன்."

"இன்னிக்கு ஒயரப் புடிச்சுத்தானுங்க கரையேறுனீங்க? அதுல லைன் கரண்டு இருந்திருந்தா என்ன ஆவும்? செத்துப்போயிருவீங்க."

"செத்தா என்ன?" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. பழம் எடை கேட்டால் சொல்வது மாதிரி சொன்னார்.

நான் அழுதேன். கோபம் வந்து கத்தவும் செய்தேன். எனக்கு இத்தனையும் சொல்லிக் கொடுத்தவர், ஒயரில் ஒரு கீறல் இருந்தால் மீட்டர் கணக்கில் தூக்கிப் போடச் சொன்னவர், இப்படிக் கேட்டால் நான் எங்கே போவேன் என்று கத்தினேன். ஒயர்மேனிடமும் ஓடிப்போய், ரைட்டர் என்ன சொன்னாலும் வெளியே லைன் இழுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "நான் தொடமாட்டனுங்க டீச்சர்," என்றான்.

அதற்குப் பின் அவர் பல நாள் என்னோடு பேசவில்லை. குண்டு பல்பைப் பற்றி மறுபடி கேட்கவும் இல்லை. எந்த விளக்கு எரியவில்லை என்று சொல்வதையும் நிறுத்திவிட்டார். நான் சாயங்காலமானால் ஆபீஸ் வாசலில் போய் நிற்பேன், என் தோளில் கை வைத்து வருவார். எங்களுக்குப் பக்கத்திலேயே விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். அவரைக் கூட்டி வர எனக்கு உதவியாக இருந்தன. வேறு யாருக்கும் அவற்றால் பயன் இல்லை.

பார்வை போன ஆளை வைத்து எஸ்டேட் கணக்கு எழுத முடியாது. மேனேஜர் மாறியிருந்தார். புதியவர் நல்லவராகவே பேசினார், சீசன் முடியும்வரை இருக்கச் சொன்னார். அந்த நல்ல பேச்சுக்கு எதிராக எதுவும் கேட்க முடியவில்லை. வேறொருவர் ரைட்டராக வந்தார், குவார்ட்டர்ஸ் அவருக்கு வேண்டும். மூட்டை கட்டும்போது, வெளியே இருக்கும் ஒயர்களைக் கழற்றிக்கொள்ளவா என்று கேட்டேன்.

"இருந்துட்டுப் போகுது. அவங்களுக்கு என்ன ஏதுன்னு தெரியாது, பெட்டிக்குள்ள கை விடாம இருக்கச் சொல்லிட்டு வா," என்றார்.

சொல்லிவிட்டு வந்தேன். புது ரைட்டரின் மனைவி, "நமக்கெதுக்குங்க இந்த வம்பு?" என்று அன்றைக்கே எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

மாரமங்கலத்தில் என் பால்வாடிக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. அங்கே வந்த புதிதில், அந்தக் கண்ணாடிக் கூட்டு எல்.இ.டி.யில் ஒன்றை டார்ச் செல் இரண்டோடும் ஒரு ரெஸிஸ்டரோடும் கோத்துத் தரச் சொன்னார். செய்து கொடுத்தேன். காலையில் எழுந்ததும் அதைக் கண்ணுக்கு அருகில், இமை முடி படும் அளவுக்குப் பிடித்துப் பார்ப்பார். முதலில் வலது, அப்புறம் இடது. பிறகு தலையணைக்கு அடியில் வைத்துவிடுவார். செல் தீர்ந்தால் நான் மாற்றி வைப்பேன். ஒருமுறை கடையில் செல் கிடைக்காமல் சில நாள் மாற்ற முடியவில்லை. விளக்கு எரியாத அந்த நாட்களிலும் அவர் அதைக் கண்ணருகில் பிடித்துப் பார்த்துவிட்டு வைத்தார். எரிகிறதா என்று என்னிடம் கேட்கவில்லை. நான் புதுச் செல் வாங்கி வந்து, அதைப் போடாமல் சமையலறை அலமாரியிலேயே வைத்துவிட்டேன்.

அந்த வீட்டுக்கு அப்போது கரண்ட் கிடையாது. அடுத்த வருஷம்தான் வீட்டுச் சொந்தக்காரர் எழுதிப் போட்டு இணைப்பு வாங்கினார். கம்பம் நட்டு ஒயர் இழுத்த பிறகு, உள்ளே வேலை செய்ய வந்த ஆள் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டான். கட்டிலில் உட்கார்ந்திருந்தவரின் கண்ணை அவன் கவனிக்கவில்லை.

"எத்தனை பாயின்ட்டு போடோணுமுங்க?"

"எர்த்து குழி எடுத்தாச்சுங்களா?" என்று என் கணவர் கேட்டார்.

"அதெல்லாம் எடுத்தாச்சுங்க. கரி, உப்பு எல்லாம் போட்டாச்சு. பாயின்ட்டு சொல்லுங்க. இந்த ரூம்ல ஒண்ணு, அடுப்படில ஒண்ணு, வாசல்ல ஒண்ணு போட்டுரலாங்களா?"

"அடுப்படில மட்டும் போடுங்க, போதும்," என்றார். "டீச்சர் சமைக்கோணும்."

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். சாயங்காலத்துக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டான். நான் போய் அடுப்படியில் சுவிட்சைத் தட்டினேன். உள் அறையில் அவர், வெளிச்சம் வந்த பக்கம் திரும்பாமல், அப்படியே உட்கார்ந்திருந்தார்.